சொல்லாத நிபந்தனை

8-2-1987, ஞாயிறு

பெங்களூர் சட்டக் கல்லூரி விண்ணப்பம் நேற்று வந்து சேர்ந்தது. மே மாதம் நுழைவுத் தேர்வு. வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்கு வரும் ஆகஸ்டில் அது முடிகிறது. இந்தத் தடவை விட்டால் ஆயுசுக்கும் இண்டூரில் கணக்கு வாத்தியார்தான்.

ஹெட்மாஸ்டர் சென்னப்பன் இப்போதே என்னை "வக்கீல் சார்" என்று கூப்பிடுகிறார். ஸ்டாஃப் ரூமே சிரிக்கிறது. சிரிக்கட்டும். ஒருநாள் கறுப்புக் கோட்டோடு அவர் எதிரில் போய் நிற்கிறேனா இல்லையா பார்.

வினாத்தாளில் பாதி தர்க்கப் புதிர்களாம். பதினோரு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

15-2-87, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் புதிர்ப் புத்தகத்தைப் பிரித்தேன். ஒரு பெஞ்சில் ஏழு பேர். மாமியாருக்குப் பக்கத்தில் மருமகன். டாக்டர் ஓரத்தில் உட்கார மாட்டார். யார் நடுவில்?

ராயம்மாள் எங்கள் பெண் கண்ணிக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள். "மாமியாக்காரி எப்படிங்க மருமவனை ஒட்டி உக்காருவா? முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு எந்திரிச்சிப் போயிருவா."

தலையில் அடித்துக்கொண்டேன். பி.ஏ. படித்தவள். அஞ்சல் வழியில்தான், இருந்தாலும் பி.ஏ. நிறுத்தி நிதானமாக விளக்கினேன்: "புதிருக்கு ஒரே விதி, ராயம்மா. எழுதியிருக்கறத மட்டும் பாக்கணும். சொல்லாத நிபந்தனையச் சேக்கவே கூடாது."

"அப்ப மனுசங்கள மறந்துட்டுப் பாக்கணும்" என்றாள்.

மெல்ல மெல்லப் புரிந்துகொள்வாள்.

1-3-87

இன்று ஆறு புதிர்கள். அவளுக்கு ஐந்து சரி. எனக்கு இரண்டு. மேகமூட்டம், எழுத்தே தெரியவில்லை.

8-3-87, ஞாயிறு

ஒரு யோசனை. அபாரமான யோசனை. அவள் பேரிலும் ஒரு விண்ணப்பம் போட்டு, இரண்டையும் ஒரே தபாலில் அனுப்பினால் அடுத்தடுத்த எண்தானே வரும்? பெஞ்சுக்கு இரண்டு பேர் என்றால் எனக்குப் பக்கத்தில், ஒருவர் என்றால் எனக்குப் பின்னால். எப்படிப் போட்டாலும் அவள் இருமுவது என் காதில் விழும். ஒரு இருமல் என்றால் விடை ஏ. இரண்டு இருமல் பி.

இது காப்பி அடிப்பது ஆகாது. காப்பி என்பது அந்நியரிடம் அடிப்பது.

"எனக்கு எடம் கெடைச்சிட்டா?" என்றாள்.

சிரிப்பு வந்தது. "நம்ம ரெண்டு பேர்ல யாருக்குக் கெடைக்குதோ அவங்க போறது, அவ்வளவுதான்" என்றேன் பெருந்தன்மையாக.

"எழுதிக் குடுங்க."

புதிர்ப் புத்தகத்தின் பின்னட்டையில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாவம், ஆசைப்படுகிறாள்.

29-3-87

இருமல் ஒத்திகை நன்றாகப் போகிறது. கண்ணியும் சேர்ந்து இருமுகிறாள். பக்கத்து வீட்டிலிருந்து தூதுவளை ரசம் கொடுத்தனுப்பினார்கள்.

16-4-87, பெரிய வியாழன்

மானம் போயிற்று.

பாதம் கழுவும் சடங்குக்கு, ஏசுவின் பன்னிரண்டு சீடர்களாகப் பன்னிரண்டு பேரை உட்காரவைக்கும் பொறுப்பைப் பங்குச் சாமியார் என்னிடம் கொடுத்தார். "நீங்கதான் தர்க்கப்புலி ஆச்சே." நிபந்தனைகள் மூன்று. வரப்புத் தகராறு இருப்பதால் சவரியும் பெரியநாயகமும் அடுத்தடுத்து உட்காரக் கூடாது. கால் புண்ணோடு வருகிறவர் முதல் நாற்காலி. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து. இருபதே நிமிஷத்தில் அட்டவணை போட்டு நாற்காலிகளில் எண் ஒட்டினேன். மூன்று நிபந்தனையும் கச்சிதம்.

பூசைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெரியநாயகம் தன் நாற்காலியைப் பார்த்தார். பன்னிரண்டு.

"ஏம்ப்பா வியாகுலம், நான் என்னா யூதாசா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதிப் பதினோரு பேரும் அந்த நாற்காலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாமியார் என்னைப் பார்க்கிறார். நான் அட்டவணையைப் பார்க்கிறேன்.

ராயம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். "நீங்களே உக்காருங்க. நாற்காலி போட்டது நீங்கதான?"

உட்கார்ந்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கண்ணி வயசுப் பிள்ளைகள் எல்லாம் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தன.

"கடைசி நாற்காலி ஆகாதுன்னு நிபந்தனைல இல்லவே இல்லியே" என்று வழியில் கேட்டேன்.

"புதிருன்னா சேக்கக் கூடாது. ஊருன்னா சேக்காம இருக்கக் கூடாதுங்க" என்றாள்.

17-5-87, ஞாயிறு. பெங்களூர் பஸ் ஸ்டாண்டு

நான் 411, அவள் 412. கணக்குத் தப்பவில்லை.

வாசலில் கரும்பலகை. ஆண்கள் கீழே. பெண்கள் மாடி.

கண்காணிப்பாளரிடம் போய், "விளம்பரத்துல இதைச் சொல்லவே இல்லியே சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராயம்மாள் பேனாவை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதிர்ப் பகுதியில் விழித்துக்கொண்டிருந்தபோது மாடியில் யாரோ ஒருமுறை இருமினார்கள். ஏ என்று எழுதினேன். வெளியே வந்து கேட்டால் அவள் இருமவே இல்லையாம்.

"நீ எப்படி எழுதுன?"

"ஏதோ எழுதியிருக்கேங்க."

22-6-87, திங்கள்

தபால்காரர் மாரப்பன் பள்ளிக்கூடத்திலேயே கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு கவர். திருமதி வி. ராயம்மாள். பிரித்துவிட்டேன். இடம் கிடைத்திருக்கிறது. ஜூலை நாலாம் தேதிக்குள் சம்மதம் எழுத வேண்டும். பதிமூன்றாம் தேதி வகுப்பு.

எனக்கு ஒன்றும் வரவில்லை. கிடைக்காதவர்களுக்கு எழுத மாட்டார்களாம்.

கவரை லாக் டேபிள் என்கிற மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் வைத்தேன். இன்று சொல்ல வேண்டாம். நாளைக்கு.

24-6-87

பத்தாம் வகுப்பில் மடக்கை அட்டவணை தேவைப்பட்டது. பிள்ளைகளை மனக்கணக்காகப் போடச் சொன்னேன். பரிதாபமாகப் பார்த்தார்கள்.

26-6-87

"ரிசல்ட்டு என்னாச்சு வக்கீல் சார்?" என்றார் சென்னப்பன். வரவில்லை என்றேன். வீட்டில் அவள் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை?

வயிறு எரிகிறது. பொறாமைதான். வேறு நல்ல பெயராக ஏதாவது வைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன், அகப்படவில்லை. இத்தனைக்கும் அவள் இதற்குக் கேட்டாளா? நான்தானே இழுத்து விட்டேன்! சம்மதம் எழுத இன்னும் எட்டு நாள். எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். சீ. என்ன மனுஷன் நான்?

28-6-87, ஞாயிறு

பூசையில் சவரி, "யூதாசு, கொஞ்சம் நகந்து உக்காருப்பா" என்றார் விளையாட்டாக. ஊரே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது. இன்று என்னால் சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கவரை அவள் கையில் கொடுத்தேன். வாசித்தாள். மறுபடி வாசித்தாள்.

"வந்த அன்னிக்கே தெரியுங்க" என்றாள். "மாரப்பன் வழியில பாத்துச் சொன்னாரு. நீங்களாக் குடுப்பீங்களான்னுதான் இருந்தேன்."

"குடுக்காமப் போயிருந்தா?"

"நாலாந்தேதி வரைக்கும் பொறுத்திருக்க மாட்டேன்."

அவமானத்தில் எனக்குப் பேச்சு தாறுமாறாக வந்தது. பொம்பள தனியா எப்படிப் போவ, ஊர் என்னா சொல்லும், வூட்டை யாரு பாத்துக்குவா — என்னென்னவோ கத்தினேன். அவள் வேதாகமத்துக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். புதிர்ப் புத்தகத்தின் பின்னட்டை. தனியாகக் கத்தரித்து வைத்திருக்கிறாள்.

"யாருக்குக் கெடைக்குதோ அவங்க போறதுன்னு எழுதியிருக்குது. ஆம்பளையா இருந்தான்னு இல்ல. வூட்டு வேல முடிஞ்சான்னு இல்ல. சொல்லாத நிபந்தனையச் சேக்கவே கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

கடைசியாக, "கண்ணிக்கு யாரு தலை பின்னுவா?" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"மூணு பிரிதாங்க. ஏ, பி, சி. போட்டுப் பாருங்க, வரும்."

சம்மதக் கடிதத்தை நானே தபாலில் சேர்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

12-7-87, ஞாயிறு

தருமபுரியில் பஸ் ஏற்றிவிட்டேன். தங்குவது கன்னியர் மடத்து விடுதியில். ஜன்னல் வழியாக, "போய் ஒழுங்காச் சாப்புடுங்க" என்றாள். அவள்தான் அழுதாள். கண்ணியும் அழுதாள். நான் பஸ்ஸின் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு காலியாக இருக்கிறது.

20-7-87, திங்கள்

ஏ-யை பி-யின் மேல் போட வேண்டும். பிறகு சி-யை ஏ-யின் மேல். இப்போது நடுவில் இருப்பது சி. இந்த இடத்தில்தான் ஒரு வாரமாகத் தப்பு விட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை அவிழ்த்துப் பின்னியதில் வந்துவிட்டது. கொஞ்சம் கோணல். "அம்மா பின்னுனா இன்னும் இறுக்கமா இருக்கும்" என்றாள் கண்ணி, ஆனாலும் அவிழ்க்க விடவில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கால்மணி நேரம் தாமதம். சென்னப்பன் வாசலிலேயே நின்றிருந்தார், கடிகாரத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு. பின்னால் ஸ்டாஃப் ரூம் முழுவதும் காத்திருந்தது.

"என்னா வக்கீல் சார், இப்பத்தான் வர்றீங்க?"

"வக்கீல் பெங்களூர்ல இருக்காங்க சார்" என்றேன். "நான் கொழந்தைக்குத் தலை பின்னிட்டு வர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மடக்கை அட்டவணையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.