பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

ஜூன் 15, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதி வைத்திருக்கும் பத்துக் கற்பனை அட்டைகளைத் துடைத்தேன், கட்டளைக்கு ஓர் அட்டை. ஜன்னலோரம் விட்டிருந்தேன். எண்ணூர்க் காற்று ஒரே இரவில் கரியைப் பூசிவிட்டது.

இன்று கோவிலில் ஜெனிஷுக்கும் பெனிஷாவுக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் போதகர் நிறுத்தியபோது, பக்கத்தில் இருந்த சுகிர்தம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெனிஷ் அவளுடைய ஒரே மகன். போன வருஷம் 'தூத்துக்குடியில் வேலை' என்று ஊருக்குச் சொன்ன மாதங்களில் அவன் குடி மறுவாழ்வு இல்லத்தில் இருந்தான். அது சபையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதபடி சொன்னாள். "உன் காதுல போட்டா கெணத்துல போட்ட மாரி, எல்சி."

இப்போது அவன் குடிப்பதில்லை. துறைமுக வேலைக்குத் திரும்பிவிட்டான். இன்னும் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தால் கல்யாணம்.

ஜூன் 18, புதன்

பெண்கள் ஜெபக்கூட்டம், ரெஜினா அக்கா வீட்டில். சுகிர்தம் வரவில்லை. நல்ல கூட்டம். ஆனால் — வேண்டாம். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 19

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒவ்வொருத்தியும் ஜெபக்குறிப்பு சொன்னாள். மாமியாரின் சர்க்கரை, மகளின் பரீட்சை. என் முறை வந்தது. "பெயர் சொல்ல வேண்டாம். துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி. குடியிலிருந்து மீண்டு வந்திருக்கிறான். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மறுபடி விழுந்துவிடாதபடி பாரத்தோடு ஜெபிப்போம்" என்றேன்.

ரெஜினா அக்கா பெனிஷாவின் அத்தை. எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேனா? பெயர் சொல்லவில்லை என்று அந்த நேரத்தில் உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. இன்னொன்றும் இருந்தது. எல்லாரும் 'ஐயோ ஆண்டவரே' என்று என் பக்கம் திரும்பினார்களே, அது இனித்தது. ஜெபத்தின் நடுவில் இனித்தது.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. போதகர் வேறொரு ஜோடியின் பெயரைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார். சுகிர்தம் ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்து, கடைசிப் பாட்டு முடியும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெனிஷாவின் அப்பா நேற்றே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். அது அவளுக்கு வாசலில்தான் தெரிந்தது.

சாப்பிடும்போது என் கணவர் கேட்டார்: "யார் சொல்லியிருப்பா?"

எபினேசர் எதையும் இரண்டு முறை கேட்கமாட்டார். நான் குழம்பை ஊற்றினேன்.

ஜூன் 23

நான் சொன்னதில் பொய் இல்லை. ஒன்பதாம் கற்பனை பொய்ச்சாட்சியைத்தானே தடுக்கிறது? அந்தப் பெண்ணுக்கும் தெரிய வேண்டாமா?

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். பாவம் செய்யும்போது சட்டத்தை நினைக்காதவள், செய்தபிறகு அதில் ஓட்டை தேடுகிறேன்.

ஜூன் 25

ரெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன், என் பெயரை வெளியே விடாதீர்கள் என்று கேட்க. எழுதவே கை கூசுகிறது. கேட்பதற்குள் வாசலில் சுகிர்தத்தின் குரல்.

"ஏ ரெஜினா! வெளிய வாடி! எம்புள்ள குடியைக் கெடுத்துட்டு உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?"

அக்கா போய் வாசலில் நின்றார். நான் பீரோவை ஒட்டி நின்றுகொண்டேன்.

"கலீஜு வாய்டி உன்னுது! எங்கெங்கயோ மோப்பம் புடிச்சு உன் அண்ணனாண்ட ஊதிட்ட! ஊர்ல ஒரு பொண்ணு பத்திரமா கீதா உங்கிட்ட?"

தெருவே வேடிக்கை பார்த்தது. யார் சொன்னது என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ளேயே நிற்கிறாள் பார் என்று கை காட்டியிருக்கலாம். "திட்டு சுகிர்தம். உனக்கு வயிறு எரியுது, திட்டு" என்றார். அவ்வளவுதான்.

உள்ளே வந்து டீ போட்டார். எனக்கும் ஒரு தம்ளர்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ பேர் சொல்லல. பேரைக் கண்டுபுடிச்சவ நான், அண்ணனாண்ட போனவ நான். அதுல பாதி என்னுதுதான்."

"மீதி?"

"எனக்கு ஏற்கெனவே ஊர்ல நல்ல பேரு!" சிரித்தார். "ஓட்டைச் சட்டில இன்னொரு ஓட்டை. உன்னைத்தான் புள்ளைங்க டீச்சர்னு கும்புடுதுங்க. குடி, ஆறுது."

குடித்தேன். கடவுளே, அதையும் வாங்கிக் குடித்தேன்.

இதுவரை நான் செய்தது ஒன்பதாம் கற்பனையில் சேருமா என்று வாதாடினேன். இன்று சந்தேகமே இல்லை. என் மௌனம்தான் பொய்ச்சாட்சி.

ஜூன் 29, ஞாயிறு

இன்றைய பாடம்: சிலுவையில் நமக்குப் பதிலாக அவர். எத்தனையோ வருஷமாக எடுக்கும் பாடம். எம்.கே.பி. நகரிலிருந்து வரும் சின்னப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், தப்பு பண்ணாதவரு அடி வாங்கசொல்ல, தப்பு பண்ணவங்க இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

புத்தகத்தில் பதில் இல்லை.

"நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்கம்மா" என்றேன்.

ஜூலை 2

ஜெனிஷ் வந்தான். என்னிடம் படித்த பிள்ளை.

"பெனிஷாவாண்ட மொதல்லயே சொல்லிட்டேன் டீச்சர். அவ சரின்னுதான் சொன்னா. அவங்க அப்பாவாண்ட ரெண்டாவது ஓலைக்கு முன்ன நானே போய்ச் சொல்றதா இருந்தேன். யாரோ முந்திக்கினாங்க."

அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்று எழுதினேனே!

"வேலை முடிஞ்சு வரசொல்ல கடை பக்கம் காலு இழுக்குது. சுத்திக்கினு வரேன். ஜெபம் பண்ணுங்க டீச்சர்."

அவன் தலையில் கையை மட்டும் வைத்தேன். அவன் அதையே ஜெபம் என்று நினைத்து 'ஆமென்' சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 3

உபவாசம் இருந்தேன். மதியத்துக்குமேல்தான் புரிந்தது, யாருக்காக என்று. தராசில் என் பக்கமும் ஏதாவது கிடக்கட்டும் என்று. எழுந்து போய்ப் பழைய சோற்றைச் சாப்பிட்டேன்.

ஜூலை 4

பெனிஷா அப்பாவுடன் பேசுவதில்லையாம்.

ஜூலை 5, சனி

நாளை திருவிருந்து, ரொட்டியும் ரசமும் வாங்கும் ஆராதனை. வரிசை எழும்பும்போது உட்கார்ந்திருந்தால் சபை முழுக்கக் கவனிக்கும். அதற்குப் பயந்து போய் முழங்காலிட்டால் அது இன்னும் மோசம். சாட்சி நேரத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் அறிக்கை செய்தால் என்ன என்றும் யோசித்தேன். அப்போதும் மைக்கில் நாறுவது ஜெனிஷின் கதைதான். அழுகிற எனக்குக் கைக்குட்டை கொடுப்பார்கள். அந்த இனிப்பு எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ரெஜினா அக்கா போன் செய்தார். "நாளைக்கு வர இல்ல? வூட்ல குந்திக்கினு கெடக்காத."

"எந்த முகத்தோடக்கா வர்றது?"

"கீற மூஞ்சியோட வா. சுத்தமா கீறவங்களுக்கு மட்டும்னா அம்மாம் ரொட்டியும் அப்படியே மிஞ்சிப்பூடும்டி."

சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். கிருபை என்ற சொல்லை எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன். அது என்னைச் சம்பாதிக்கச் சொல்லவில்லை. ஒளிந்துகொண்டிருக்கும் இடத்தைவிட்டு வெளியே வரச் சொல்கிறது. மற்றொருத்தி எனக்காக வாசலில் நின்றாயிற்று. நான் இன்னும் பீரோவை ஒட்டித்தான் நிற்கிறேன்.

நாளை ஆராதனைக்கு முன்பு, விம்கோ நகருக்குப் போகிறேன், சுகிர்தம் வீட்டுக்கு. வேதாகமம் கையில் இருக்காது. ஜெபிக்கலாமா என்று கேட்கமாட்டேன். "ரெஜினா இல்லை, நான்தான்" என்று சொல்வேன். அவள் தெருவில் நிற்க வைத்துத் திட்டினால் நிற்பேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும். அங்கிருந்து நேராகக் கோவிலுக்குப் போய், எந்த நிலையில் இருக்கிறேனோ அதே நிலையில் கை நீட்டுவேன்.

என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. திருவிருந்துக்கு என்று இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்திருந்த வெள்ளைச் சேலையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, தினமும் உடுத்தும் ஒன்றை எடுத்து வைத்தேன்.