மண்ணுக்குள் ஒரு குட்டிச் சட்டை

ஜூன் 3

துணியைப் புதைத்தாயிற்று.

பள்ளிப் பாட்டுக் குழுவின் புது உடைக்கு நான் தேர்ந்தெடுத்தது, உரமருந்தும் பூச்சிமருந்தும் அடிக்காமல் விளைந்த பருத்தி. சாயமும் ஏற்றாதது. நான் பாடுபவள் இல்லை, ஆர்மோனியம் வாசிக்கும் பாட்டு டீச்சருக்கு நோட்டின் பக்கம் புரட்டுபவள். ஆனாலும், எல்லோரும் பளபளக்கும் நீலப் பாலியஸ்டர் துணியைக் கேட்டபோது எழுந்து நின்றேன். அந்தத் துணி பெட்ரோலியத்திலிருந்து வருவது, நம் பேத்திகள் காலத்திலும் குப்பைமேட்டில் கிடக்கும் என்று விடாமல் பேசினேன். டீச்சர், "சரிம்மா, மூச்சு விடு. உன் துணியே இருக்கட்டும்" என்றார்.

பதினெட்டு உடைகளையும் தைக்கப்போவது அம்மா. எங்கள் முன்னறைதான் அம்மாவின் தையல் கடை.

சொன்னதை நிரூபிக்க வேண்டாமா? அதே துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சட்டை தைத்துத் தரச் சொல்லி, பூந்தொட்டியில் புதைத்தேன். அண்ணன் கைகட்டி நின்று, "அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும்" என்றான்.

ஜூன் 19

தண்ணீர் ஊற்றினேன். தோண்டிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே உத்தரவு.

ஜூன் 20

ஓர் ஓரத்தை மட்டும் பார்த்தேன். பழுப்புப் புள்ளிகள்!

ஜூலை 14

டீச்சர் என்னையே அறிவிப்புப் பலகையில் எழுதச் சொன்னார். "எங்கள் உடை முழுவதும் மண்ணுக்கே திரும்பும்." 'முழுவதும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. தலைமையாசிரியர்கூட நின்று வாசித்துவிட்டுப் போனார்.

ஜூலை 22

தோண்டினேன். துணி இல்லை. ஆனால் சட்டை இருந்தது!

எப்படிச் சொல்வது? கழுத்து, இரண்டு கைகள், அடிமடிப்பு — தையல் நூல் மட்டும், பென்சிலால் வரைந்த படம் போல.

அம்மா அதைத் தட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாத்தியாடி என் தையல! ஒரு இடத்துல விட்டிருக்கா பாரு!"

"அழியாப் புகழ்மா உனக்கு" என்றான் அண்ணன். இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

எனக்கு அழுகை. நூல் பாலியஸ்டர். இத்தனை புத்தகம் படிச்சேன், இத்தனை பேச்சுப் பேசினேன், நூலைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சேனா? பலகையில இருக்கறது பொய். அதுக்கு ரெண்டு கோடு வேற! அம்மா அதே நூலில் ஏழு உடைகளை முடித்தும்விட்டாள்.

ஜூலை 23

பருத்தி நூலில் தைக்க முடியாதா என்று கேட்டேன்.

"பருத்தி நூலா? கையத் தூக்கினா அக்குள்ல பட்டுனு விட்டுடும். மேடையில கிழிஞ்சா உன் பலகையப் பாத்தா சிரிப்பாங்க? என் கடையப் பாத்துதான் சிரிப்பாங்க."

நியாயம்தான். ஒரே நாளில் கிழிந்து குப்பைக்குப் போகும் உடை எந்த விதத்தில் நல்ல உடை?

ஜூலை 24

டீச்சரிடம் நூல் சட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டேன். 'யாருக்குத் தெரியப்போகுது' என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "பலகைய மாத்தறியா, தையல மாத்தறியா? எதுவானாலும் சரி, உண்மையா இருக்கணும். பள்ளி விழா ஆகஸ்ட் எட்டாம் தேதி, ஞாபகமிருக்கட்டும்."

ஜூலை 26

பருத்தி நூல் வாங்கி வந்தேன். மெஷினில் நான்கு முறை அறுந்தது. அம்மா ஊசியை மாற்றினாள், நூலின் இழுவையைத் தளர்த்தினாள், என்னையும் இரண்டு திட்டு திட்டினாள். ஒருவழியாக ஓடியது. குழுவிலேயே உயரமான பெண்ணின் உடையை அண்ணனுக்கு மாட்டி, கையைத் தூக்கச் சொன்னோம்.

"வெளிய யார்கிட்டயாவது சொன்னீங்க..." என்றபடி தூக்கினான். டர்ர்ர்.

அம்மா சிரிக்கவில்லை. கிழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்ல, "ரெண்டு ஓரத்தையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு, மேல ரெண்டு வரி ஓட்டினா..." என்றாள். என்னிடம் பேசிய மாதிரியே இல்லை.

ஜூலை 27

அண்ணன் கையைத் தூக்கினான். தண்டால் எடுத்தான். கேட்காமலே நடனமும் ஆடினான். கிழியவில்லை!

"தச்ச ஏழையும் பிரிக்கணும். யாரு பிரிக்கறது?" என்றாள் அம்மா, என்னைப் பார்த்தபடியே.

ஜூலை 31

ஐந்து முடிந்தது. விரல்நுனி எரிகிறது. ஓர் அங்குலத்தில் பன்னிரண்டு தையல் போடுகிறாள் அம்மா. எங்கே எண்ணினாலும் பன்னிரண்டுதான். பிரிக்கப் பிரிக்கத்தான் தெரிகிறது. அவளிடம் இதைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 1

சொன்னேன். "ஏண்டி, அளவுகோல் வச்சா எண்ணின?" என்றாள். ஆனால் சாயங்காலம் வரை ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 8

கடைசிப் பாட்டில் முப்பத்தாறு கைகள் மேலே போயின. நான் பக்கம் புரட்ட மறந்து அக்குள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் மூக்கால் புரட்டாத குறை. ஒன்றுகூட விடவில்லை.

ஆகஸ்ட் 19

இன்று ஒருவர் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்தார். நான் மூலையில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அளவெடுத்துவிட்டு, "நூல் மக்கறதா போடவா, மக்காததா போடவா?" என்று கேட்டாள்.

"என்னங்க?"

"உக்காருங்க, சொல்றேன்."

அவசரமாகப் போக வேண்டியவர் போல. பாவம், உட்கார்ந்தார்.