அந்தக் கை கொடுத்த ஞானஸ்நானம்

அம்மா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. நான் வேலைக்குப் போகிறேன். நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

"பொண்டாட்டிய அடிச்ச கையாலதானே பாஸ்டர் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தாரு, அது செல்லுமாடி?" என்று ஒரு வாரமாகக் கேட்கிறாய். ஜெபிக்காமலே சாப்பிடுகிறாய். என் பட்டத்தில் கையெழுத்துப் போட்ட துணைவேந்தர் போன வருஷம் போலிச் சான்றிதழ் வழக்கில் உள்ளே போனார். நம் வீட்டின் முதல் பட்டம். யாரும் வந்து திருப்பிக் கேட்கவில்லை. உன்னைத் தண்ணீரில் முழுக்கியது பாஸ்டர்தான். நீ முழுகியது அவருக்காகவா?

பாஸ்டரம்மா பதினோரு மணிக்குப் பெட்டியோடு வருவார்கள். சபையில் ஒருவரும் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. என் அறையைக் கொடு. அவர்கள் கன்னத்து வீக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதே.

மறந்துவிட்டேன்: என் அறைச் சாவி பக்கத்து வீட்டில்.

இன்னொன்று. பாஸ்டரம்மா ஜெபிக்கச் சொன்னால் நழுவாதே. நேற்று போய்ப் பார்த்தபோது என்னிடம், "ஒரு ஜெபம் பண்ணும்மா" என்றார்கள். கண்ணை மூடினேன். பாஸ்டருக்கு வசவுதான் வந்தது, கடைசிவரை. அவர்களும் பாவம், ஆமென் சொல்லிவிட்டார்கள். இன்றைக்காவது ஒழுங்கான ஜெபம் கிடைக்கட்டும். இந்த வீட்டில் அது தெரிந்தவள் நீதான்.