அங்கத்தவர் அல்லாத ஒருவரின் மரணம்

அக்கா, எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தை முதலாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது நீங்கள்தான்.

ஊரில் இதை இப்போது யாரும் குற்றச்சாட்டாகக்கூடச் சொல்வதில்லை. இன்றைக்குக் கடல் கொந்தளிப்பு என்று சொல்வதுபோலச் சொல்கிறார்கள். இன்று காலை மீனவர் சங்கச் சுவரில் புதிய பருவத்தின் போட்டி அட்டவணையை ஒட்டினேன். கோதுமை மாப் பசையின் புளித்த மணம் விரலிலிருந்து இன்னும் போகவில்லை. தாளின் மேலே ‘இரண்டாம் பிரிவு’ என்று இருந்தது. அதன் கீழே ஆறாவதாக எங்கள் பெயர். ஒட்டிவிட்டுத் திரும்புவதற்கு முன்னரே பின்னால் பேச்சுக் கேட்டது.

“அவள் ஒரு கிழமை பிந்திச் செத்திருந்தாள் எண்டால் இந்தக் கேவலம் வந்திராது.”

“முந்தி எண்டாலும் பரவாயில்லை.”

இரண்டு பேரும் வலை பொத்துகிற ஆட்கள். உங்கள் சவப்பெட்டியைத் தூக்கிய தோள்கள்தான். சிரித்தார்கள். நாலு அடி தள்ளி, கடை வாசலில், உங்கள் மகள் பாண் வாங்கிக்கொண்டு நின்றாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சக் காசை வாங்காமல் போய்விட்டாள்.

நீங்கள் எங்கள் ஆட்டங்களுக்கு வரத் தொடங்கியது எந்த வருடம் என்று எனக்கு நினைவில்லை. நான் அணிக்குள் வந்தபோதே நீங்கள் அங்கே நின்றீர்கள், மேற்குப் பக்கத்துக் கோர்னர் கொடியடியில், கம்பி வளைந்த கறுப்புக் குடையோடு. ஆண்கள் எல்லாரும் பனை நிழலில் இருப்பார்கள். நீங்கள் வெயிலில் நிற்பீர்கள். இடது பின்களத்தில் விளையாடுகிற எனக்கு ஒரு பாதி ஆட்டம் முழுக்கப் பின்பக்கம் உங்கள் வாய்தான் கேட்கும்.

“டேய் இடது கால்! அங்க நிண்டு என்ன சிப்பி பொறுக்கிறியே? ஆள் போறான், பிடியடா!”

நான் கோபத்தில் திரும்பிப் பார்த்தால் அதற்கும் ஒன்று வைத்திருப்பீர்கள். “என்ர மூஞ்சியில பந்து இல்லையடா!” கொடி பிடிக்கிற மத்தியஸ்தர்கூட உங்களுக்குப் பயப்படுவார். ஒருமுறை ஒஃப்சைட்டைத் தவறவிட்ட ஒருவரிடம், “ஐயா, அந்தக் கொடியை என்னட்டைத் தந்திட்டுப் போய்க் கண்ணாடி வாங்கிக்கொண்டு வாங்கோ, நான் நிண்டு பிடிக்கிறன்” என்றீர்கள். அந்த மனிதர் கொடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஆட்டம் அரை நிமிடம் நின்றது.

இதே வாய் கடையில் வேறு மாதிரிப் பேசும். “அண்ணே, ஒரு கிலோ சீனி குடுங்க.” உடனே யாராவது, “இந்தியாக்காரி வந்திட்டா” என்பார்கள். பத்து வயதில் இந்தக் கரையிலிருந்து வள்ளத்தில் ஏறி, இருபது வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டில் முகாமில் இருந்துவிட்டு, கைக்குழந்தையோடு திரும்பி வந்த உங்களுக்கு அந்த மக்களின் பேச்சு ஒட்டியிருந்தது. மைதானத்தில் மட்டும் அது கழன்றுபோகும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“கோவம் வந்தாத்தான் தம்பி ஊர்ப்பேச்சு வருது. முகாமுல கோவப்படவே விடலையே” என்றீர்கள். அதைச் சொல்லும்போதும் முகாம் பேச்சில்தான் சொன்னீர்கள். சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

கருவாட்டு மூட்டையோடு முதல் பஸ்ஸில் கட்டுக்கரைப் பக்கத்து வயல் ஊர்களுக்குப் போய்வருவீர்கள். போட்டி நாட்களில் மட்டும் போவதில்லை. இலுப்பைக்கடவையில் எங்களுக்கு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் இருந்தபோது, விற்கப்போன இடத்திலிருந்து நேராக மைதானத்துக்கு வந்து, வெறும் மூட்டையை விரித்து இருந்தீர்கள். அங்கே ஒரு பெடியன், “உவ உங்களில ஆருக்கு அம்மா?” என்று கேட்டான். எங்கள் கோல்காப்பாளன், “எல்லாருக்கும்” என்றான். அது உங்கள் காதில் விழுந்தது. ஒரு கிழமை முழுக்க நீங்கள் அவனைத் திட்டவேயில்லை.

இந்தப் பருவத்தில் ஏழு போட்டிகளில் ஒன்றில்தான் வென்றோம். நீங்கள் ஒரு கோலும் விடவில்லை அக்கா. எங்களுக்கு விழுந்தவற்றில் நாலைந்து என் பக்கத்தால் வந்தவை. நடுக்களத்தில் ஒருவன் சனிக்கிழமைச் சாராய வெறி முறியாமல் வந்து நின்றான். முன்களத்துக்கு ஆள் போதாமல், முழங்கால் வீங்கிய ஒருவனைக் கட்டுப்போட்டு இறக்கினோம். இதையெல்லாம் ஊர் மறந்துவிட்டது. கடைசிப் போட்டியைத்தான் வைத்திருக்கிறது. எங்களுக்கு மேலே இருந்த அணியோடு அந்த ஞாயிறு நாலு மணிக்கு மோதவிருந்தோம். வென்றால் தப்புவோம். தோற்றால் இறங்குவோம்.

நீங்கள் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பரப்பிய மீனைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். ஓட்டோ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கம் ஞாயிறு பின்னேரம் என்று முடிவானது.

நான் கழகச் செயலாளர் என்பதால் லீக் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். போட்டியைப் பிற்போடும்படி கேட்டேன்.

“அவ உங்கட கழகத்தில அங்கத்தவரே?”

“இல்லை. ஆனால்...”

“அங்கத்தவர் எண்டால் பிற்போடலாம். இல்லை எண்டால் நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முதல் எழுத்தில தந்திருக்க வேணும், தம்பி.”

வெள்ளி ஆறு மணியிலிருந்து ஞாயிறு நாலு மணி வரை எத்தனை மணித்தியாலம் என்று கணக்குப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் குறைந்தது. எங்கள் கழகத் தலைவரின் தாயார் இறந்தபோதும் ஒரு போட்டி இருந்தது. அவரும் அங்கத்தவர் இல்லை. தலைவருக்கு மூன்று வள்ளம் இருக்கிறது, ஊரில் அவரைச் சம்மாட்டியார் என்பார்கள். அவர் எடுத்த ஒரு தொலைபேசியில் போட்டி அடுத்த கிழமைக்குப் போனது. அன்று ஒருவரும் மணிக்கூடு பார்க்கவில்லை.

சனிக்கிழமை உங்கள் முற்றத்தில் நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னேன். போகாவிட்டால் மூன்றுக்குப் பூச்சியம் என்று தோல்வி எழுதுவார்கள், இறங்குவோம் என்று சொன்னேன். சம்மாட்டியார்தான் முதலில் பேசினார். “இறங்கினால் இறங்குவம். எங்கட மனுசியை விட்டிட்டு என்னெண்டு போறது?” எல்லாரும் ஓம் என்றார்கள். எங்கட மனுசி. உயிரோடு இருந்தபோது அந்தச் சொல்லை உங்களுக்கு ஒருவரும் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பதினொரு பேரும் அணிச் சட்டையோடு உங்களைத் தூக்கினோம். பெட்டியின் மேல் கழகக் கொடி கிடந்தது. மாதா கோயிலிலிருந்து சேமக்காலை வரை மணல் பாதையில் ஊராரோடு மாறி மாறித் தோள் கொடுத்தோம். உங்களைக் குழிக்குள் இறக்கியபோது யாரோ கைதட்டத் தொடங்கினார்கள், கோல் விழுந்ததுபோல் ஊரே தட்டியது. எனக்கு அழுகை வந்தது. இந்த ஊரைப்பற்றி நான் பெருமைப்பட்டது அந்த ஒரே நாள்தான். புதன்கிழமை வரை அந்தப் பெருமை இருந்தது.

புதன்கிழமை லீக்கின் கடிதம் வந்தது. ‘அங்கத்தவர் அல்லாத ஒருவரின் மரணம் சமூகமளிக்காமைக்குப் போதிய காரணமாகக் கொள்ளப்படமாட்டாது’ என்று தட்டச்சில் இருந்தது. இறங்குவோம் என்று எல்லாருக்கும் முன்னரே தெரியும். ஆனாலும் தாளில் கண்டபோது ஊர் விழுந்துவிட்டது. பழைய கோல்காப்பாளர் ஒருவர், அறுபது வயது மனிதர், கடற்கரையில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். யாரோ தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சம்மாட்டியார் தன் வள்ளத்தில் பூசியிருந்த எங்கள் நீலமஞ்சளின் மேல் வெள்ளை அடித்தார். என் அப்பா இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. காய்ச்சலா என்று அம்மா கேட்டதற்கு, “உனக்கு விளங்காது” என்றார். உங்களுக்கு விளங்கியிருக்கும்.

கடிதம் வந்த கிழமை ஞாயிறு, நாங்கள் இறங்கியதால் தப்பிய ஊரின் பெடியள் உழவு இயந்திரத்தில் வெடி கொளுத்திக்கொண்டு எங்கள் சந்தியால் வந்தார்கள். அட்டையில் ஒரு சவப்பெட்டி செய்து அதில் எங்கள் கழகத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் கல்லோடும் தடியோடும் துரத்திக்கொண்டு ஓடினார்கள், கிழவர்கள்கூட. உங்கள் பெட்டிக்குப் பின்னால் வந்தவர்களைவிட அந்த அட்டைப் பெட்டிக்குப் பின்னால் ஓடியவர்கள் அதிகம்.

திரும்பி வரும்போதுதான், மூச்சு வாங்கியபடி, ஒருவர் முதன்முதலாகச் சொன்னார்: “எல்லாம் எங்கயிருந்தோ வந்த அந்த வரத்தாளால வந்த வினை.” யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அன்று ஒருவர் சொன்னதை இப்போது எல்லாரும் சொல்கிறார்கள்.

போன கிழமை சம்மாட்டியார் என்னைக் கூப்பிட்டார். சுவரில் ஒட்டப்போகிற அட்டவணை தற்காலிகமானதுதான், மேன்முறையீட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றார். மேசையில் அங்கத்தவர் பதிவேடு கிடந்தது.

“மூண்டு வருசத்துக்கு முந்தின பக்கத்தில ஒரு வரி இடம் கிடக்கு. அவளின்ர பேரை எழுது. போட்டோப்பிரதி எடுத்து அனுப்புவம்.”

“அங்கத்தவர் இல்லை எண்டு நானே போனில சொன்னனான்.”

“செத்தவீட்டுத் துக்கத்தில உளறினனான் எண்டு சொல்லன். ஆர் என்ன கண்டது?”

மூன்று வருடத்துக்கு முந்திய பக்கம். அதைத் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ எனக்குத் தெரியாது. நீங்கள் வந்து கேட்டதும் அந்த வருடம்தான். நான் செயலாளராகி ஒரு மாதம். ஒரு பின்னேரம் கழகக் கொட்டிலுக்கு வந்தீர்கள், புதுச் சேலையோடு. கையில் கடிதம். அதோடு இணைத்திருந்த படத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைபோல் தலையை வாரியிருந்தீர்கள். “தம்பி, என்னையும் கழகத்துல எழுதிக்கங்க” என்றீர்கள். கதிரையில் இருந்த சம்மாட்டியார் கேட்டார்: “எந்த இடத்தில விளையாடப்போறா? கோலுக்கையோ?” கொட்டில் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே உங்கள் கடிதத்தைத் திருப்பித் தந்தேன். “கழக யாப்பில பொம்பிளையளுக்கு இடமில்லை அக்கா” என்றேன்.

நான் அந்த யாப்பை வாசித்திருக்கவில்லை.

லீக்கின் கடிதம் வந்த பிறகுதான் அலுமாரியிலிருந்து அந்த விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ‘ஊரில் வதியும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும்’ என்று இருக்கிறது. எவரும். நான் அன்று அந்த ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் உங்களை அமைதியாக அடக்கம் செய்துவிட்டு அடுத்த கிழமை விளையாடியிருப்போம். தோற்றிருப்போமோ வென்றிருப்போமோ, விளையாடியிருப்போம்.

அந்தப் பின்னேரம் நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். கோர்னர் கொடியடியில் கேட்ட அந்தக் குரலில் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் பயத்தில் யாப்பைத் தேடியிருப்பேன். நீங்கள் “சரிங்க தம்பி” என்றீர்கள். கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு போனீர்கள். அந்த ‘சரிங்க’ எனக்குள் கிடக்கிறது. கோவப்பட விடாத இடம் என்று நீங்கள் சொன்னதை நான் கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்று மத்தியானம் உங்கள் வீட்டுக்குப் போனேன். சம்மாட்டியார் கேட்டதை உங்கள் மகளிடம் மறைக்காமல் சொன்னேன். யாப்பில் உள்ளதையும், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.  “அம்மா உயிரோட வந்து கேட்டவ” என்றாள் அவள். “எழுதுறது எண்டால் எழுதுங்கோ. ஆனால் அப்ப ஏன் எழுதேல்லை எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டு எழுதுங்கோ.”

ஐந்து மணிக்குப் பொதுக்கூட்டம். மேன்முறையீட்டுக்கு நாளை கடைசி நாள் என்பதால் கொட்டில் நிறைந்து வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். கல்லோடு ஓடியவர்கள், சேமக்காலையில் கைதட்டியவர்கள், காலையில் சிரித்த இருவர், என் அப்பா. சம்மாட்டியார் பதிவேட்டை என் முன்னால் விரித்து வைத்து, பேனையின் மூடியைக் கழற்றித் தந்தார். “எழுது தம்பி. அவளின்ர ஆத்துமாவும் சந்தோசப்படும்.”

நான் எழும்பினேன்.

“எழுதுறன். இண்டைக்கு என்ன திகதியோ அந்தத் திகதியைப் போட்டு எழுதுறன், லீக் என்னத்தையும் செய்யட்டும். அதுக்கு முதல் ஒரு விசயம். அக்கா இந்தக் கொட்டிலுக்கு வந்து, தன்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டவ. யாப்பில இடமில்லை எண்டு நான் சொன்னனான். அது பொய். இடம் இருந்தது. அண்டைக்கு இஞ்ச இருந்து சிரிச்ச ஆக்கள் எல்லாரும் இப்பவும் இஞ்சதான் இருக்கிறியள். ஏன் சேர்க்கேல்லை எண்டு ஒவ்வொராளாய் எழும்பிச் சொல்லுங்கோ. நான் சொல்லிப்போட்டன். அடுத்தது ஆர்?”

சம்மாட்டியார் நிலத்தைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்துவிட்டு வாசலைப் பார்த்தார். வெளியே நின்றவர்களில் சிலர் செருப்பைத் தேடினார்கள்.

“அடுத்தது ஆர்?”