வெட்டிப் பார்த்த பை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் உடம்பையும் என் மகளையும் கவனித்துக்கொள்ளுங்கள். உங்களை மாப்பிள்ளை என்று எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அந்த உரிமை எனக்கு உண்டா என்று இதைப் படித்து முடித்ததும் நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் எனக்கென்று அனுப்பிய தோல் பை வந்து சேர்ந்தது. பிரித்ததும் உங்கள் அத்தை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அவளை முதல் நாளே அத்தை என்று கூப்பிட்டுவிட்டீர்கள். நான்தான் இன்று வரைக்கும் சார். அதை நானும் திருத்தவில்லை. பெண் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை என்கிற முறுக்கு எனக்கு. முதல் சந்திப்பில் உங்களைக் கேட்ட கேள்விகளை நினைத்தால் கூசுகிறது. போதாததற்கு உங்கள் ஆபீசுக்கு வேறு ஃபோன் போட்டு விசாரித்தேன். அது உங்களுக்குத் தெரியுமாம். தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பைக்கு வருகிறேன். அதில் தரச்சான்று அட்டை ஒன்று தொங்கியது. அந்த மாதிரி அட்டை கொடுக்கிற லேபில்தான் என் பிழைப்பு. துணியோ தோலோ, எது வந்தாலும் தேய்ப்போம், நனைப்போம், இழுப்போம். சோதனைக்கு நல்லதை அனுப்பிவிட்டுக் கடைக்கு மட்டமானதை அனுப்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அட்டையைக் கண்டாலே எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் பள்ளிச் சீருடையின் மடிப்பில்கூட ஒரு துண்டு நறுக்கிக்கொண்டு போனவன் நான். சாக்குச் சொல்லவில்லை. புத்தி இப்படிப் போய்விட்டது என்று சொல்கிறேன்.

மறுநாள் பையை லேபுக்கு எடுத்துப் போனேன். வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், அதை நனைத்தும் தேய்த்தேன். சாயம் ஒட்டவில்லை. அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடி, உள் பாக்கெட் மூடியின் அடியில் விரலை விட்டேன். மேடும் பள்ளமுமாக ஏதோ தட்டுப்பட்டது. மாட்டுத் தோலில் முள் கீறிய தழும்பு அப்படித்தான் இருக்கும். இதன் வண்டவாளம் இங்கேதான் இருக்கிறது என்று, அந்தத் தழும்பையே நடுவில் வைத்து ஒரு துண்டு வெட்டினேன். கறுப்புத் தோல். என் கண்ணாடி நெற்றியில் இருந்தது.

சோதனைத் துண்டை நடுவில் ஒடுக்கி வெட்டுவோம், இழுத்தால் அங்கேதான் அறுபட வேண்டும். மிஷினில் இரண்டு முனையையும் கவ்வவிட்டு இழுத்தேன். தோல் லேசில் விடவில்லை. எங்கள் அளவைத் தாண்டி, இன்னும் தாண்டி, அப்புறம்தான் அறுந்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, எந்தக் கம்பெனிச் சரக்கு என்று கேட்டார். எங்கள் வீட்டுச் சரக்கு என்று பெருமையாகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மகள் ஃபோன் செய்தாள். பை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களாம். நான் வாய் தவறி, "பாஸ்மா" என்று சொல்லிவிட்டேன்.

பையைச் சோதித்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "எந்த இடத்துல வெட்டுனீங்கப்பா?" என்று கேட்டாள். சொன்னேன்.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்தத் துண்ட எடுத்துப் பாருங்க. பாத்துட்டு அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு ஃபோன் பண்ணாதீங்க."

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் லேபின் குப்பைக் கூடையைக் கிளறினேன். இரண்டு துண்டும் கிடைத்தன. விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் 'மா' என்று இருந்தது. இன்னொன்றிலும் 'மா'.

சூடான கம்பியால் நீங்களே எழுதினீர்களாம். நேரில் கூப்பிட வாய் வரவில்லை, பையிலாவது இருக்கட்டும் என்றீர்களாம். மகள் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். யார் கண்ணிலும் படாத இடமாக நீங்களும் தேடியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. தோலில் எனக்குத் தெரியாதது இல்லை என்று மார்தட்டுகிறவன், நீங்கள் எழுதியதைத் தழும்பு என்று நினைத்தேன். குறை இருக்கும் என்று நினைத்துத் தொட்டால் விரலுக்கும் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது.

உங்கள் அத்தை என்னைத் திட்டக்கூட இல்லை. பையைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இன்னும் என்னத்தை வெட்டப் போகிறேனோ என்று மட்டும் கேட்டாள். துண்டுகளை ஒட்டித் தர முடியுமா என்று செருப்புத் தைப்பவரிடம் காட்டினேன். ஒட்டலாம், ஆனால் நடுவில் கோடு தெரியும் என்றார். தெரியட்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

லீவுக்கு வருகிறீர்களா என்று எந்த முகத்தோடு கேட்பேன்? ஆனாலும் கேட்கிறேன். மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால் என்னோடு ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், அவள் குரல் கேட்காமல் வீடு வீடாக இல்லை. பையைப் பற்றி நீங்கள் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வாசலில் நின்று சார் என்று கூப்பிட்டால் மட்டும் நான் கதவைத் திறக்க மாட்டேன்.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா