ஒன்பது ‘நாம்’

மார்ச் 3, செவ்வாய்

அமைச்சருக்கு நான் எழுதிக் கொடுத்த உரையில் ஒன்பது இடத்தில் ‘நாம்’. எண்ணிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆற்று நீர் விஷயமாக எதிர்க்கரை நாட்டாரோடு வெள்ளிக்கிழமை பேச்சு. ஏற்கெனவே இரண்டு தடவை முறிந்துபோனது. ‘நாம்’ என்றால் கேட்பவரையும் நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.

கல்யாணமாகி ஏழு மாதமாக வீட்டிலும் இதே வித்தைதான். “நாம மூணு பேரும் கடலுக்குப் போலாமா?” என்பேன். என் கணவருடைய மகள் (பதினொரு வயது, வீட்டில் குட்டி) நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். “நாங்க போயிட்டு வந்துட்டோம், சித்தி.” நாங்க என்றால் அவளும் அப்பாவும். மரியாதையாகத்தான் சொல்கிறாள். அதுதான் வலிக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

மானம் போயிற்று! ஐந்தாவது ‘நாம்’ வந்தபோது எதிர்க்கரைத் தூதர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மதகை மூடினப்போ ‘நாங்கள் முடிவெடுத்தோம்’னு கடிதம் போட்டீங்க. இப்போ கையெழுத்து வேணும்னதும் ‘நாம்’ ஆயிட்டோமா?”

எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். அமைச்சர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! திங்கள் கடைசி அமர்வு. அதுவும் முறிந்தால் அவர்களுக்கு இன்னொரு கோடை தண்ணீர் இல்லை. எனக்கு வேலை இல்லை.

மார்ச் 7

ஒரு வரிகூட ஓடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் குட்டி நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து சால்வையை எடுத்தாள். மறைந்த அவள் அம்மாவின் சால்வை. அதை அங்கே ஏற்றிவைத்தது யார்? நான்தான். வந்த புதிதில் அவளைக் கேட்காமலே எல்லாவற்றையும் அடுக்கினேன். ஏழு மாதமாக அந்த நாற்காலியைப் பார்க்கிறேன் — எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டேனா? கழுதை நான்.

“குட்டி, உன்னைக் கேக்காம அடுக்கிட்டேன். தப்பு என்மேல.”

“சரி, சித்தி.” அவ்வளவுதான். சால்வையை அவளே கீழ்த்தட்டில் வைத்தாள்.

பிறகு உட்கார்ந்து ஒன்பது ‘நாம்’களையும் அடித்தேன். முதல் வரி இப்படி மாறியது: “மதகை மூடியது நாங்கள். மூன்று கோடை காய்ந்தது நீங்கள்.”

மார்ச் 9, திங்கள்

“இதைப் படிச்சா தப்பு நம்மமேலன்னு ஆயிடாதா?” என்றார் அமைச்சர்.

“தப்பு நம்மமேலதானே ஐயா?” வாய் முந்திக்கொண்டது. முறைத்தார். ஆனால் ஒரு சொல் மாற்றாமல் படித்தார்.

தூதர் அம்மாள் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. “சரி, மதகை எப்போ திறக்கிறதுன்னு நாம பேசலாம்” என்றார். நாம! அந்தச் சொல்லை நான் எழுதவே இல்லை.

மார்ச் 12

கையெழுத்தாயிற்று. ஏப்ரல் முதல் தேதி மதகு திறக்கும். அமைச்சர் என்னிடம் “ம்” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மார்ச் 15

வீட்டில் இப்போதெல்லாம் ‘நாம மூணு பேரும்’ சொல்வதில்லை. நாக்கைக் கட்டிவைப்பது உரை எழுதுவதைவிடக் கஷ்டம்.

மார்ச் 21, சனி

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே குட்டி தோழியோடு போனில்: “இன்னைக்கு வர முடியாதுடி. நாங்க கடலுக்குப் போறோம்... நாங்கன்னா நாங்கதான்டி. அப்பா, சித்தி, நான்.”

அதே ‘நாங்க’. இந்தத் தடவை வெளியே நின்றது அந்தத் தோழி, பாவம். குட்டி வெளியே வந்தபோது நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். செருப்பு காலில்தான் இருந்தது.