கதவுக்காக விட்டுப்போன லைன்

ஆம்பூர்,
1931 ஆகஸ்டு 14, வெள்ளிக்கிழமை

என் பிரியமுள்ள மகன் ஐசக்குக்கு,

அப்பா சாமுவேல் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஈப்போவில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சமாதானம். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. உன் அம்மா தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திப் பையைப் பார்க்கிறாள், அந்த மனுஷர் இப்போதெல்லாம் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். உன் தங்கை லில்லி வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம், போன மாதம் வந்திருந்தாள், இளைத்துத்தான் இருக்கிறாள், கேட்டால் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்கிறாள். மழை இல்லை. பாலாறு வெறும் மணலாகக் கிடக்கிறது, ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர். காற்று திரும்பினால் தோல் ஷாப் நாற்றம் வீட்டுக்குள் வந்து சோற்றில் உட்கார்ந்துகொள்கிறது, நீ இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவாய்.

நான் ரிட்டயர் ஆனதற்கு நீ அனுப்பிய பொம்மை எஞ்சினும் வண்டிகளும் மார்ச்சில் வந்து சேர்ந்ததை எழுதியிருந்தேன். சாவி கொடுத்தால் ஓடுகிற எஞ்சின், முதலில் அலமாரியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷம் ரயில்வே யார்டில் வண்டிகளைப் பிரித்துச் சேர்த்தவனுக்கு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. அடுப்பங்கரையில் இருந்த டின்களையும் பானைகளையும் இடம் மாற்றி வரிசையாக வைத்தேன், எது எங்கே என்று தெரியாமல் உன் அம்மாவுக்குப் பேஜாராகி, "உங்க புள்ள ரூம்ல போயி உங்க ரயில ஓட்டிக்குங்க, என் அடுப்பங்கரைய விட்டுடுங்க" என்று துரத்திவிட்டாள். அப்படித்தான் உன் அறைக்குள் போனேன். ஒன்பதடிக்கு ஏழடி அறை. அதற்குள் நம் பழைய யார்டைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்தது.

தரையில் சாக்கட்டியால் கோடு போட்டு ஆறு தடவை அழித்தேன். கால் மைல் நீள யார்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருக்கினால் வண்டிகள் எறும்பு அளவுக்குப் போய்விடும். யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. வண்டிகள் நிற்கிற லைன்களை எவ்வளவு வேண்டுமானாலும் குட்டையாக்கலாம், ஆனால் எஞ்சின் வண்டிகளை இழுத்துக்கொண்டு முன்னால் போய்த் திரும்பத் தள்ளுகிற கழுத்துப் பகுதியை மட்டும் குட்டையாக்கக் கூடாது. எஞ்சினும் மூன்று வண்டியும் அங்கே நிற்காவிட்டால் அது யார்டு இல்லை, சுவரில் மாட்டுகிற படம். ஆகவே கழுத்தை ஏழடிச் சுவரோடு போட்டு, மூலையில் வளைத்து, ஒன்பதடிச் சுவரோடு நாலு லைன்களைப் பரப்பினேன். இடுப்பு உயரத்துக்குப் பலகை, நடுவில் நான் நிற்க ஒரு பொந்து, குனிந்துதான் நுழைய வேண்டும், உன் அம்மா காப்பியைப் பலகைக்கு அடியில் நீட்டுவாள். பஜாரில் டின் வேலை செய்கிற ரஷீத் அஹமது எனக்குத் தோஸ்து ஆகிவிட்டார். பழைய குடைகளிலிருந்து கம்பியை உருவித் தண்டவாளம் அடித்துக் கொடுத்தார், ஆம்பூரில் இனி மழை வந்தால் பாதிப் பேர் நனைய வேண்டியதுதான். எல்லாம் பொருந்தியது, கதவு மட்டும் இடித்தது. அது உள்பக்கம் திறக்கிற கதவு, அது வந்து நிற்கிற மூலையில் பலகை போட முடியாது. நாலாம் லைனிலிருந்து தோல் ஷாப்புக்குப் பிரிந்து போகுமே பட்டை லைன், தோல் பதனிட ஆவாரம்பட்டை வண்டிகள் போகிற லைன், அது சரியாக அந்த மூலையில்தான் வர வேண்டும். அதை விட்டுவிட்டேன். கதவு திறக்க இடம் வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் ஓட்டிப் பார்த்தேன். மூன்று லைனில் சுத்தமாக ஓடியது, நாலாம் லைனில் பாதியில் நின்றது. சாவி தீர்ந்ததாக்கும் என்று இன்னும் பத்துச் சுற்றுக் கொடுத்தேன், அதே இடத்தில் நின்றது. மூன்று சுற்று மட்டும் கொடுத்தேன். மற்ற லைன்களில் மூன்று சுற்றுக்கு ஒரு முழம்தான் போகும், இதில் மூன்று முழம் போய் அதே இடத்தில் நின்றது. நின்ற பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, முன்னால் யாரோ கையை வைத்துத் தடுத்த மாதிரி. தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன், மட்டம் சரியாக இருந்தது. ரஷீத் அஹமது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பியை விரலால் தடவிப் பார்த்தார், ஒரு பிசிறு இல்லை. பட்டை லைனைப் போட்டிருந்தால் அது பிரிகிற பாயிண்டு அந்த இடத்தில்தான் வந்திருக்கும். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து, "கடையில வேல ஜாஸ்தியா கீது, ஒரு மாசம் வர்றதுக்கில்ல ஐயா" என்று கிளம்பினார். மூன்று மாதமாகிறது, வரவில்லை.

பட்டம்மாள் இப்போது ஆம்பூரில் இருக்கிறாள். நம் யார்டில் என் கீழே வண்டிகளுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த வேலாயுதத்தின் பெண்சாதி, உனக்கு நினைவிருக்கும், நினைவில்லாமல் இருக்காது. தங்கை வீட்டில் தங்கித் தோல் ஷாப்பில் பட்டை இடிக்கிறாள், வெள்ளிக்கிழமை ஷாப் லீவு, அன்றைக்கு வந்து உன் அம்மாவுக்கு மாவு இடித்துக் கொடுக்கிறாள். ஜூன் கடைசி வெள்ளி, மத்தியானம் இரண்டு மணி, எனக்கு மோர் கொண்டுவந்தவள் உன் அறை வாசலில் நின்றுவிட்டாள். படிக்காதவள்தான், புருஷனுக்குச் சோறு கொண்டுவந்து பார்த்துப் பழகிய யார்டு. விரலை நீட்டி இது ஒண்ணு, இது ரெண்டு, இது மூணு, இது சரக்கு நிக்கிற நாலு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எஞ்சின் நிற்கிற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. "எங்க ஊட்டுக்காரர் செத்த லைன் எங்க ஐயா" என்றாள். கதவுக்கு இடம் போய்விட்டது என்றேன். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மோரைப் பலகையில் வைத்துவிட்டுப் போனாள். என்னால் அந்த மோரைக் குடிக்க முடியவில்லை.

மறுநாள் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினேன். அரை நாள் வேலை, முதலிலேயே செய்திருக்கலாம். மூலையில் பலகை போட்டுப் பட்டை லைனை அடித்தேன், உள்ளே இரண்டு வண்டியை நிறுத்தினேன், பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பியை அதைத் திருப்புகிற லீவராக நட்டேன். லீவரை நாலாம் லைனுக்கு நேராக வைத்து எஞ்சினை விட்டேன். அது திரும்பிப் பட்டை லைனுக்குள் போய் வண்டியில் இடித்து நின்றது. பாயிண்டைப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. ஏழு தடவை விட்டேன், ஏழு தடவையும் உள்ளே போனது, உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். அப்புறம் ஏன் தோன்றியது என்று எனக்கே தெரியவில்லை, டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து வேலாயுதத்தின் சிவப்புத் துண்டை எடுத்தேன். அதிலிருந்து ஒரு நூலை உருவி அந்தக் குட்டி லீவரில் கட்டினேன். எஞ்சின் நேராகப் போய் நாலாம் லைனின் கடைசி வரை ஓடியது. நூலை அவிழ்த்தேன், உள்ளே போனது. கட்டினேன், நேராகப் போனது. அந்தத் துண்டு இந்த வீட்டில் இருப்பதே உன் அம்மாவுக்கு அன்றுதான் தெரியும். அதற்கப்புறம் அவள் உன் அறைக்குள் கால் வைக்கவில்லை.

ஐசக், ஏழு வருஷமாக நாம் இரண்டு பேரும் எழுதாததை இப்போது எழுதுகிறேன். வேலாயுதத்தின் பழக்கம் யார்டில் எல்லாருக்கும் தெரியும். பட்டை லைனில் வண்டிகளுக்கு நடுவே போகுமுன் லீவரை நேராக வைத்து, தலைத் துண்டை அவிழ்த்து அதில் கட்டிவிட்டுத்தான் போவான். துண்டு இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான், யாரும் லீவரில் கை வைக்கக் கூடாது. ரூல் புத்தகத்தில் கிடையாது, ஆனால் எல்லாரும் மதித்த ரூல். நீ பாயிண்டு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கும் மத்தியானம் இரண்டு மணி, நாலாம் லைனுக்கு என்று நான் தள்ளச் சொன்ன வண்டிகள் பட்டை லைனுக்குள் போய் அவனை நசுக்கின. சத்தம் கேட்டு நான் கேபினிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது நீ லீவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய், துண்டு உன் கையில் இருந்தது. நான் அதை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். விசாரணையில் ஐசக் என்னோடு கேபினில் இருந்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அப்படியானால் லீவரைக் கவனிக்காமல் உள்ளே போனவன் வேலாயுதம்தான், அவன் சாவுக்கு அவனே பொறுப்பு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அடுத்த மாதமே உன்னை மலாயாவுக்குக் கப்பல் ஏற்றினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன், அந்தப் பயத்தைத்தான் இத்தனை நாள் உன்மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பட்டம்மாளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்னது பொய், என் மகன் கேபினில் இல்லை என்று சொல்லி, லீவரில் இருந்த நூலையும் அவிழ்த்து வைத்துத் துண்டைக் கையில் கொடுத்தேன். அவள் அழவில்லை. முடிச்சுப் போட்டுப் போட்டுச் சுருங்கிப்போன ஓரத்தைத் தேடிப் பிடித்து, "உன் புருசன் கவனம் கெட்டு செத்தான்னு எங்க மாமியா ஏழு வருசமா எம் மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க, அவரு கட்டாம உள்ள போவ மாட்டாருன்னு நான் சொன்னா யாரும் கேக்கல" என்றாள். துண்டை நாலாக மடித்து, "தம்பி எப்ப அவுத்துச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க ஐயா" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். திங்கட்கிழமை என் பொய்யைக் கம்பெனிக்கு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன், அதனால் வருவது எனக்கு வரட்டும். ஆனால் அவள் கேட்டதற்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

இன்றைக்கும் வந்திருக்கிறாள். மாவு இடிக்கவில்லை. உன் அறை வாசலில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உன் அம்மா கொடுத்த காப்பி ஆறிப்போயிருக்கிறது. நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி இரண்டு அடித்தது. அவள் தலை மெதுவாக இடமிருந்து வலமாகத் திரும்பியது, வண்டி போவதைப் பார்க்கிறவர்கள் திரும்புவது போல. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எஞ்சின் பட்டை லைனுக்குள் நிற்கிறது. நான் அதற்குச் சாவி கொடுத்து ஒரு வாரமாகிறது, காலையில் அது ஒன்றாம் லைனில் இருந்தது.

இந்தக் கடிதத்தோடு யார்டின் படத்தை மடித்து வைத்திருக்கிறேன். எல்லா லைனும் அளவோடு இருக்கிறது, பட்டை லைனின் லீவரை மட்டும் நான் போடவில்லை. நீ துண்டை அவிழ்த்தபோது அந்த லீவர் எந்தப் பக்கம் இருந்தது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பு. நேராக இருந்தது என்றால் வண்டிகள் வருமுன்னே அவிழ்த்துத் திருப்பினது நீ, உள்ளே பார்த்து இருந்தது என்றால் லீவரை நேராக வைக்காமல் துண்டைக் கட்டித் தவறினது அவன். கோடு எந்தப் பக்கம் இருந்தாலும் நீ என் மகன், எந்தப் பக்கம் இருந்தாலும் நான் அதை அவளிடம் காட்டுவேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடாமல் இருப்பாராக, உனக்கு நல்ல தூக்கத்தைக் கொடுப்பாராக என்று இரண்டு பேரும் தினமும் ஜெபம்பண்ணுகிறோம். கொசுவலை இல்லாமல் படுக்காதே. பொம்மை எதுவும் இனி அனுப்ப வேண்டாம், படத்தை அனுப்ப மறக்காதே. உன் அம்மா இப்போது பக்கத்தில் வந்து நின்று ஒன்று எழுதச் சொல்கிறாள். "கோடு போட கை வரலைன்னா, நேரா வந்து அந்த ரூம்ல நின்னு காட்டச் சொல்லுங்க, கதவு இப்ப வெளிய தொறக்குது, அவன் நிக்க எடம் கீது" என்கிறாள்.

உன் வரவையோ உன் கோட்டையோ எதிர்பார்க்கும்,
உன் அப்பா,
சாமுவேல்